சிக்கனத்துக்காக எதை நிறுத்துகிறோம், எங்கே தவறுகிறோம்

செலவைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்ததும் பலரும் முதலில் செய்வது, இனி வாங்கக் கூடாதவை என்று ஒரு பட்டியல் போடுவது. டிஷ்யூ பேப்பர், பாட்டில் தண்ணீர், ரூம் ஸ்ப்ரே, துணிக்குப் போடும் கண்டிஷனர், விதவிதமான கிளீனர்கள் எல்லாம் அதில் இருக்கும். இவற்றில் பாதிக்கு மேல் நிறுத்தினாலும் குடிமுழுகிப் போகாது. ஆனால் எதை நிறுத்துவதற்கு முன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பொருள் வீட்டில் என்ன வேலை செய்துகொண்டிருந்தது? அந்த வேலையே தேவையில்லையா, வேறொன்று அதைச் செய்துவிடுமா, இல்லை வேலை அப்படியே நின்றுபோகுமா? விலையை மட்டும் பார்த்துக் கை வைப்பதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தொடக்கம்.

தயங்காமல் நிறுத்தக்கூடியதற்கு நல்ல உதாரணம் துணிக் கண்டிஷனர். அது நூலிழையின் மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. தொட்டால் மிருதுவாக இருப்பது அதனால்தான். குளியல் துண்டில் அதே படலம் ஏறிவிட்டால் துண்டு ஈரத்தை இழுக்காது. எவ்வளவு துடைத்தாலும் தண்ணீர் உடம்பிலேயே நிற்கும். இங்கே செலவை நிறுத்தினால் துண்டு முன்பைவிட நன்றாக வேலை செய்யும். சோப்புத் தூளிலும் இப்படி ஒரு சேமிப்பு இருக்கிறது, நிறுத்துவதில் அல்ல, அளவில். டப்பாவோடு வரும் அளவுக் கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்பக்கம் மங்கலாகக் கோடுகள் தெரியும். சாதாரண அழுக்குக்கான கோடு பெரும்பாலும் விளிம்புக்கு நன்றாகக் கீழேதான் இருக்கும். நாமோ கோப்பையை நிரப்பிக் கொட்டுகிறோம். அதிகமாகப் போட்ட தூள் முழுதாக அலசப்படாமல் துணியிலேயே தங்கி, காய்ந்ததும் துணி விறைத்துப்போகிறது.

அடுத்த தவறு, கடையில் வாங்குவதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் வீட்டிலேயே கலக்க ஆரம்பிப்பது. வினிகரையும் பேக்கிங் சோடாவையும் ஒன்றாக ஊற்றினால் நுரை பொங்கும், பார்க்கத் திருப்தியாக இருக்கும். உண்மையில் அமிலமும் காரமும் ஒன்றையொன்று சமன் செய்துகொண்டு விடுகின்றன. மிஞ்சுவது கொஞ்சம் உப்புக் கரைந்த தண்ணீர்தான். தனித்தனியாகப் பயன்படுத்தினால் இரண்டும் நல்ல பொருட்கள். உப்புக் கறைக்கு வினிகர், தேய்த்துக் கழுவ சோடா. அதேபோல் சோப்பைத் துருவிச் செய்யும் துணி சோப்புத் தூள், கடின நீரில் கால்சியம், மெக்னீசியத்தோடு சேர்ந்து கரையாத பிசுக்காக மாறித் துணியிலும் மெஷினிலும் படியும். கடையில் விற்கும் தூளில் அதைத் தடுக்கும் பொருளும் சேர்த்திருப்பார்கள்.

இதில் விளையாடவே கூடாத இடம் ஒன்று உண்டு. பிளீச்சோடு வினிகரையோ வேறெந்த அமிலத்தையோ கலந்தால் குளோரின் வாயு வரும். அம்மோனியா உள்ள கிளீனரோடு கலந்தால் குளோரமைன் வரும். இரண்டும் நுரையீரலைத் தாக்குபவை. மிச்சம் இருப்பதையெல்லாம் ஒரே பாட்டிலில் ஊற்றித் தீர்த்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால், தயவுசெய்து வேண்டாம்.

வேலையே நின்றுபோகும் பொருட்கள் இன்னொரு வகை. பல் துலக்கும் பிரஷை 3 முதல் 4 மாதத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது, அதன் இழைகள் வளைந்துவிட்டால் அவை பல்லிடுக்கைத் தொடாது என்பதால்தான். அதில் மிச்சம் பிடிப்பது பல் மருத்துவரிடம் பல மடங்காகப் போய்ச் சேரும். காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் பழைய கரைசலின் மேலேயே புதியதைக் கொஞ்சம் ஊற்றிச் சமாளிப்பதும், குழாய்த் தண்ணீரில் லென்ஸை அலசுவதும் கண்ணைப் பணயம் வைக்கும் காரியம். தண்ணீரில் வாழும் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழியைத் தொற்றினால் பார்வையே போகக்கூடும். பாட்டில் தண்ணீரை விட்டு ஃபில்டருக்கு மாறியவர்கள், ஃபில்டருக்குள் இருக்கும் கார்ட்ரிட்ஜை உரிய காலத்தில் மாற்றுவதும் அந்தச் செலவில் சேர்ந்ததுதான் என்று கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும். மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பாதியாக உடைத்துப் பல நாளுக்கு ஓட்டுவதும் இந்த வகைதான். பணம் முடையாக இருந்தால் அதை மருத்துவரிடமே வெளிப்படையாகச் சொல்லி, விலை குறைந்த ஜெனரிக் மருந்து உண்டா என்று கேட்கலாம், அதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

வாங்காமல் இருப்பதே நஷ்டமாகும் சந்தர்ப்பமும் உண்டு. பழைய குண்டு பல்பு ஃபியூஸ் ஆகும்வரை எரியட்டும் என்று விட்டுவைப்பார்கள். அதே வெளிச்சத்துக்கு எல்இடி பல்பு குறைந்தது 75 சதவீதம் குறைவான மின்சாரம்தான் எடுக்கும். தினமும் பல மணி நேரம் எரியும் இடத்தில் இன்றே மாற்றுவதுதான் சேமிப்பு.

அப்புறம், சிக்கனத்தைத் தொடங்கவே கடைக்குப் போவது. ஒரே அளவில் கண்ணாடி டப்பாக்கள், அழகான துடைக்கும் துணிகள், புதுத் துணிப்பைகள். வீட்டிலேயே கிழிந்த பனியனும் காலி ஜாடியும் இருக்கும்போது எதற்கு? இருப்பதைத் தீர்த்துவிட்டு, உண்மையிலேயே குறைவதை மட்டும் வாங்கினால் போதும்.

எனக்கு மிகவும் உறுத்துவது இன்னொன்று. டிஷ்யூ பேப்பரை நிறுத்தியாயிற்று, சரி. அழுக்குத் துணியை யார் துவைப்பது? குழந்தைக்கு டயப்பரை விட்டுத் துணிக்கு மாறியாயிற்று. இரவில் எழுந்து அலசிக் காயப்போடுவது யார்? பல வீடுகளில் முடிவெடுப்பவர் ஒருவர், அதன் பாரத்தைச் சுமப்பவர் வேறொருவர். பணச் செலவை ஒருவருடைய தூக்கத்துக்கும் முதுகுக்கும் மாற்றி எழுதிவிட்டு அதைச் சேமிப்பு என்று சொல்வது நியாயமே இல்லை. அவரவர் தங்கள் செலவில் முதலில் கை வைக்கட்டும். மாதவிடாய் நாட்களுக்கான பொருட்களைப் பொறுத்தவரை, மென்ஸ்ட்ருவல் கப் நன்றாகப் பராமரித்தால் பல ஆண்டுகள் உழைக்கும், மாதாமாதச் செலவு மிச்சம்தான். ஆனால் அதற்கு மாறலாமா என்பதைப் பயன்படுத்துபவர் மட்டுமே தீர்மானிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்துவதும் நிலைக்காது. ஒரு மாதத்துக்கு இரண்டு மூன்று பொருள் போதும். நிறுத்தியது கஷ்டமாக இருந்தால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். நாள் முழுதும் உழைத்தவருக்கு ஆறுதலாக இருக்கும் ஒரே ஒரு சின்னச் செலவு இருந்தால், அதைக் கடைசிவரை தொடாதீர்கள்.

மிச்சமான பணத்துக்கு ஓர் இடம் சொல்லி வைக்காமல் இருப்பதும் பெரிய தவறு. கணக்கிலேயே கிடந்தால் அது வேறு எதிலாவது கரைந்துவிடும். வழக்கமாக அந்தப் பொருளை வாங்கும் நாளிலேயே அந்தத் தொகையைத் தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். கிரெடிட் கார்டில் பாக்கி இருந்தால் முதலில் அங்கே கட்டுங்கள். சேமிப்புக் கணக்கு தரும் வட்டியைவிட அந்தக் கடனுக்குப் போகும் வட்டி மிகவும் அதிகம்.