ப்ரீபெய்ட் மீட்டர் நம்பரை ஏத்துக்கலையா? நாங்க சரி பண்ண விதம்

தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருக்கற சாட்ஸ்வர்த்ல எங்க பக்கத்து வீட்டு அக்காவுக்கு 2024ல நடந்தது இது. எப்பவும் போல கரண்டு வாங்கினாங்க, ஸ்லிப்ப பாத்தா மீட்டர்ல அடிக்கற ஒரு நம்பருக்கு பதிலா மூணு நம்பர் இருக்கு, ஒவ்வொண்ணும் 20 இலக்கம், காசு கட்டுன யூனிட் கடைசி நம்பர்லதான் போட்டிருக்குன்னு அத மட்டும் அடிச்சா மீட்டர் ரிஜெக்ட் பண்ணிடுச்சு. கால் சென்டருக்கு போன் போட்டா மியூசிக் ஓடிட்டே இருக்கு, ஆளக் காணோம்.

கடைசில ஹெல்ப் பண்ணது யாருன்னா ஸ்லிப் குடுத்த கடை கவுண்டர் பையன்தான். முதல் ரெண்டும் மீட்டரோட சாவிய (உள்ள இருக்கற ரகசிய கோட) மாத்துற நம்பர், அத வரிசையா அடிச்சுட்டு மூணாவத போடுங்கன்னு சொல்லி பேனாவால 1, 2, 3ன்னு எழுதியே குடுத்தான் (இத அந்த ஸ்லிப்புலயே பெருசா பிரிண்ட் பண்ணிருந்தா என்னவாம்). அதே மாதிரி அடிச்சோம், யூனிட் ஏறிடுச்சு.

ஏன் இப்படின்னா, யூனிட் ஏத்துற ஒவ்வொரு டோக்கனுக்குள்ளயும் (ஸ்லிப்புல வர்ற 20 இலக்க நம்பர்தான் டோக்கன்) 1993 ஜனவரி 1லேருந்து எத்தனை நிமிஷம் ஆச்சுங்கற கணக்கு இருக்கும், அதுக்கு ஒதுக்கின இடம் வெறும் 24 பிட் (அதாவது 24 பூஜ்யம்-ஒண்ணு இலக்கம்), அது 2024 நவம்பர் 24ல நிரம்பிடும்னு இருந்துச்சு, அதனால கணக்க புதுசா தொடங்க அதுக்குள்ள உலகம் பூரா இந்த வகை மீட்டருக்கெல்லாம் சாவி மாத்த வேண்டியதாப் போச்சு.

இன்னொண்ணு, முன்னாடியே வாங்கி அடிக்காம வச்சிருக்கற பழைய டோக்கன் இருந்தா சாவி மாத்துறதுக்கு முன்னாடியே அடிச்சிடணும், அப்புறம் மீட்டர் அத எடுத்துக்காது.