சந்தை மந்தமாக இருக்கும்போது ஃப்ளாட் விற்பவர்கள் விலையில் செய்யும் தவறுகள்

சென்னையில் பத்துப் பதினைந்து வருடப் பழைய ஃப்ளாட்டை விற்க நினைப்பவர் முதலில் செய்வது, வீடு விற்கும் இணையதளங்களில் தன் ஏரியாவில் என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பது. முதல் தவறே அங்கேதான் தொடங்குகிறது. அங்கே இருப்பவை எல்லாம் ஓனர்கள் கேட்கும் விலைகள். அவற்றில் பல ஃப்ளாட்கள் மாதக்கணக்கில் விற்காமல் கிடப்பவை. விற்காத வீட்டின் விலையைப் பார்த்து நம் விலையை வைத்தால், நம் வீடும் அந்த வரிசையில்தான் போய் நிற்கும்.

உண்மையில் கைமாறிய விலையைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. பதிவுத்துறை இணையதளத்தில் உங்கள் சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். உங்கள் குடியிருப்பிலும் பக்கத்திலும் சமீபத்தில் நடந்த கிரயங்களும், பத்திரத்தில் காட்டிய தொகைகளும் தெரியும். பத்திரத்தில் குறைத்துக் காட்டும் பழக்கம் உள்ள இடங்களில் அந்தத் தொகை உண்மை விலையைவிடக் கீழே இருக்கும். அதனால் அசோசியேஷன் செயலாளரிடமும், அதே தெருவில் வேலை செய்யும் இரண்டு மூன்று புரோக்கர்களிடமும், கடைசியாக முடிந்த வீடு எவ்வளவுக்கு முடிந்தது என்று கேளுங்கள். “எவ்வளவுக்குப் போகும்?” என்று கேட்டால் உங்களைச் சந்தோஷப்படுத்தும் பதில்தான் வரும்.

அடுத்தது, நான் மிக முக்கியமாக நினைப்பது: வாங்குபவருக்கு வங்கி எவ்வளவு கடன் தரும் என்ற கணக்கை மறந்துவிடுவது. மறுவிற்பனை ஃப்ளாட் வாங்குபவர்களில் பெரும்பாலோர் வீட்டுக் கடனை நம்பி வருகிறார்கள். நீங்கள் 80 லட்சம் சொல்லி, அவரும் சரி என்று சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் 72 லட்சம்தான் பெறும் என்கிறார். பேசிய விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதை வைத்துத்தான் வங்கி கடன் தரும். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு உச்சவரம்பு, வீட்டின் மதிப்பில் 80 சதவீதம். ஆக, கிடைப்பது 57.6 லட்சம். மீதி 22.4 லட்சமும், முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம், அதாவது 7.2 லட்சமும் அவர் கையிலிருந்து வரவேண்டும். கிட்டத்தட்ட 30 லட்சம். அதே வீடு 72 லட்சத்துக்கு முடிந்திருந்தால் அவர் புரட்ட வேண்டியது ஏறக்குறைய 21 லட்சம். நீங்கள் ஏற்றிய 8 லட்சத்தில் ஒரு ரூபாய்க்குக்கூட கடன் கிடையாது. சம்பளக்காரர் அதற்கு நகையை விற்க வேண்டும், இல்லையென்றால் பின்வாங்க வேண்டும். மந்தமான நேரத்தில் அவர் பின்வாங்கத்தான் செய்வார், ஏனென்றால் அவருக்குப் பார்க்க வேறு பத்து வீடுகள் இருக்கின்றன.

அதில் புது ஃப்ளாட்களும் சேர்த்தி. 2023 டிசம்பரில் தமிழ்நாட்டில் வந்த மாற்றத்தின்படி, பில்டரிடம் நேரடியாக வாங்கும் புது ஃப்ளாட்டுக்கு 50 லட்சம் வரை மொத்தப் பதிவுச் செலவு 6 சதவீதம், 3 கோடி வரை 7 சதவீதம். உங்களிடம் வாங்கினால் 9. பணி நிறைவுச் சான்று வாங்கிய புது வீடு என்றால் ஜிஎஸ்டியும் இல்லை. பக்கத்தில் விற்காத புது ஃப்ளாட்கள் நிற்கும்போது பழைய வீட்டுக்கு அதே சதுர அடி ரேட் கேட்பது எடுபடாது.

“கிச்சனுக்கும் வார்ட்ரோபுக்கும் மட்டும் 9 லட்சம் போட்டேன்” என்று அந்தத் தொகையை அப்படியே விலையில் ஏற்றுவது இன்னொரு தவறு. நல்ல மரவேலை வீட்டைச் சீக்கிரம் விற்க உதவும், போட்ட காசைத் திருப்பித் தராது. வாங்குபவர் பார்ப்பது வேறு: யுடிஎஸ் (நிலத்தில் அந்த ஃப்ளாட்டுக்கு உரிய பிரிக்கப்படாத பங்கு) எவ்வளவு, மூடிய கார் பார்க்கிங் உண்டா, மூன்றாவது மாடிக்கு லிஃப்ட் இருக்கிறதா, கோடையில் தண்ணீர் லாரிதானா, 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தெருவில் தண்ணீர் நின்றதா. வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காமல் யாரும் அட்வான்ஸ் கொடுப்பதில்லை. இவற்றில் உங்கள் வீட்டுக்கு எது குறைவோ, அதை விலையில் நீங்களே முதலில் கழித்துவிடுங்கள்.

“எனக்குக் கையில் 80 நிற்கணும்” என்று வரியையும் தரகையும் மேலே சேர்த்து விலை சொல்வதும் இதே வகைதான். உங்கள் மூலதன ஆதாய வரி வாங்குபவரின் கவலை இல்லை.

பேரம் பேசுவார்கள் என்று பத்து லட்சம் ஏற்றிவைப்பவர்கள் உண்டு. இணையதளத்தில் 75 லட்சம் என்று உச்சவரம்பு போட்டுத் தேடுபவர் கண்ணில் 82 லட்ச வீடு படவே படாது. பேரத்துக்கு மூன்று நான்கு சதவீதம் இடம் விட்டால் போதும். நான்கு புரோக்கர்களிடம் நான்கு விலை சொல்வது இன்னும் மோசம். ஒரே வீடு 85, 80, 77 என்று மூன்று விளம்பரங்களில் தெரிந்தால், பார்ப்பவர் 77-லிருந்துதான் பேச ஆரம்பிப்பார்.

காத்திருந்தால் நல்ல விலை வரும் என்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். இன்று 74 லட்சத்துக்கு ஆள் இருக்கிறார், நீங்கள் 80-ல் நிற்கிறீர்கள். 74 லட்சத்தை 6.5 சதவீத வைப்பில் போட்டால் வருடத்துக்கு 4.8 லட்சம் வட்டி. மாதப் பராமரிப்பு 4,000 என்றால் 48,000. சொத்து வரி தனி. வீடு பூட்டிக் கிடந்தால், ஒரு வருடம் கழித்து 80-க்கே விற்றாலும் மிஞ்சுவது மிகக் குறைவு. ஈஎம்ஐ ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் மிஞ்சாது. ஆடியிலும் மார்கழியிலும் கிரயம் குறைவது உண்மைதான், ஒரு மாதம் பொறுக்கலாம். ஆனால் தை பிறந்து பங்குனி முடிந்தும் யாரும் இரண்டாவது தடவை வந்து பார்க்கவில்லை என்றால், காரணம் மாதம் இல்லை, விலை.

குறைப்பதென்றால் ஒரே தடவையில், கண்ணுக்குத் தெரியும்படி குறையுங்கள். மாதம் ஒரு லட்சம் இறக்கினால் அடுத்த மாதமும் இறங்கும் என்று எதிராளி காத்திருப்பார். கீழேயும் ஒரு எல்லை உண்டு. பத்திரப் பதிவுக்கு அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு, நீங்கள் விற்கும் விலையைவிட 10 சதவீதத்துக்கும் மேல் கூடுதலாக இருந்தால், அந்த மதிப்புக்கே விற்றதாக வைத்து வருமான வரி கணக்கிடுவார்கள். வாங்குபவருக்கும் அந்த வித்தியாசம் வருமானமாகச் சேரும். அதனால் விலை பேசும் முன்பே உங்கள் தெருவின் வழிகாட்டி மதிப்பைப் பார்த்து வையுங்கள். தாய்ப்பத்திரம், பிளான் அப்ரூவல், சொத்து வரி ரசீது, அப்பா பெயரில் இருந்த வீடு என்றால் வாரிசுச் சான்றும் அக்கா தங்கையின் சம்மதமும், எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். டோக்கன் அட்வான்ஸ் வாங்கிய பிறகு ஒரு பேப்பர் குறைகிறது என்று தெரிந்தால், பேசி முடித்த விலையை மறுபடி திறப்பார்கள்.