பிரசவ லீவில் மூத்த பிள்ளையை யார் பார்ப்பது? நாங்கள் செய்த முறை, படிப்படியாக

பெரியவளுக்கு மூன்றரை வயது ஆனபோது சின்னவன் பிறந்தான். எங்கள் வீடு வேலூர் சத்துவாச்சாரியில். எனக்கு ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அலுவலக வேலை. லீவு எழுதிக் கொடுப்பதும் மருத்துவமனைக்குப் பை கட்டுவதும் உங்களுக்கே தெரியும். லீவு நாட்களில் மூத்த பிள்ளையின் பகல் பொழுதுக்கு என்ன ஏற்பாடு செய்வது என்பதை மட்டும் எழுதுகிறேன். இரண்டாம் படியில் நான் பெரிய தவறு செய்தேன், அதனால் அது நீளமாக இருக்கும்.

படி 1: காலண்டரில் நாள் எண்ணுங்கள்

2017-ல் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு லீவு. அதில் அதிகபட்சம் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்னால் எடுக்கலாம். மூன்றாவது குழந்தை என்றால் 12 வாரம்தான்.

நான் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் லீவு எடுத்தேன், ஜனவரியில் குழந்தை பிறந்தது, ஜூன் மூன்றாம் வாரம் வேலைக்குத் திரும்ப வேண்டும். ஜூன் தொடக்கத்திலேயே பெரியவளுக்கு எல்.கே.ஜி. அவள் பள்ளிக்குப் போகத் தொடங்குவதும் நான் வேலைக்குத் திரும்புவதும் ஒரே வாரத்தில் வராதபடி, பிரசவத்துக்கு முன்னால் மூன்று வாரம் மட்டும் எடுத்தேன். அதனால் அவளுடைய முதல் இரண்டு வாரப் பள்ளிக்கு நான் வீட்டில் இருந்தேன். இந்தக் கணக்கை லீவு எழுதிக் கொடுக்கும் முன்பே போட்டுவிடுங்கள். செல்போனில் குறிப்பதைவிடச் சுவரில் மாட்டும் மாதக் காலண்டர்தான் நல்லது. வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்.

படி 2: ஏற்கெனவே போகிற இடத்தை நிறுத்தாதீர்கள்

"நீ வீட்டில்தானே இருக்கப் போகிறாய், எதற்கு வீண் செலவு" என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் சரியென்று பட்டது. லீவு தொடங்கிய அன்றே பெரியவள் போய்க்கொண்டிருந்த ப்ளே ஸ்கூலை நிறுத்தினேன். மாதம் 2,500 ரூபாய் மிச்சம். குழந்தை பிறக்கும்வரை ஒரு குறையும் இல்லை.

சின்னவன் வந்த பத்தே நாளில் என்னால் முடியவில்லை. பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் குடிக்கும். ஒரு தடவைக்கு அரை மணி நேரம் என்றாலே எவ்வளவு ஆகிறது பாருங்கள். சிசேரியன் தையல் வலி வேறு. பகல் முழுக்கப் பெரியவள் கட்டிலருகே நின்று "அம்மா வா" என்பாள், நான் "இரு, இரு" என்பேன். மறுபடி ப்ளே ஸ்கூலில் கேட்டோம். இடம் நிரம்பிவிட்டது. தெருக்கோடியில் இருக்கும் பால்வாடியில் சேர்த்தோம். முதல் நாள் செருப்பு போடவே மறுத்தாள். "பாப்பா வந்துட்டான்னு என்னை அனுப்புறியா?" என்று கேட்டாள்.

அவள் பார்வையில் அது உண்மைதான். தம்பி வந்தான், உடனே அவளை வெளியே அனுப்புகிறோம். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை.

அதனால் சொல்கிறேன். பிள்ளை ஏற்கெனவே எங்காவது போகிறது என்றால் ஒரு நாள்கூட நிறுத்த வேண்டாம். போகவில்லை என்றால் குழந்தை பிறப்பதற்கு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். அந்த இடம் தம்பி வருவதற்கு முன்பே அவளுடையதாக ஆகிவிட வேண்டும்.

எங்களைப் போலக் காலம் கடந்துவிட்டால் இப்படிச் செய்யுங்கள். குடியாத்தத்திலிருந்து என் மாமியார் வந்திருந்தார். எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்போம். ஆயா முதல் மூன்று நாள் காலை முழுக்க அவளோடு பால்வாடியிலேயே உட்கார்ந்தார். அடுத்த மூன்று நாள் விட்டுவிட்டு வந்து, சாப்பாடு முடிந்ததும் அழைத்து வந்தார். அப்புறம்தான் முழுப் பகல். ஒரு நாளும் சொல்லாமல் நழுவி வரவில்லை. மாலையில் வந்ததும் அன்று கற்ற பாட்டைத் தம்பிக்குப் பாடிக் காட்டுவது அவள் வேலை. இரண்டு வாரத்தில் தானாகவே செருப்பை எடுத்துப் போட்டாள்.

பால்வாடி என்றால் தயங்குகிறவர்கள் ஒரு தடவை உள்ளே போய்ப் பாருங்கள். இரண்டு வயது முடிந்தால் சேர்க்கலாம், கட்டணம் இல்லை, மதியச் சாப்பாடு உண்டு, வாரத்தில் மூன்று நாள் முட்டை. பால் கொடுக்கும் தாய்க்குச் சத்துமாவும் அங்கேயே கிடைக்கும். நடக்கிற தூரத்தில் இருப்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி.

படி 3: பால் கொடுக்கும் நேரத்துக்கு ஒரு கூடை

பால்வாடி இல்லாத நேரத்துக்கு இது. ஒரு வயர் கூடை எடுத்துக்கொள்ளுங்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், மூடி விழும் சத்தத்தில் குழந்தை விழித்துவிடும். சொப்பு சாமான், படப் புத்தகம், ஒரு சின்ன டப்பாவில் வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு. பால் கொடுக்கும்போது மட்டும்தான் கூடை வெளியே வர வேண்டும். மூன்று பொருளுக்கு மேல் வைக்காமல் வாரம் ஒரு தடவை மாற்றுங்கள். செல்போன் கொடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. திரும்ப வாங்கும்போது வரும் அழுகையை அந்த நேரத்தில் சமாளிக்க முடியாது.

படி 4: தூக்கக் கூடாத ஆறு வாரம்

ஆறு வாரத்துக்குக் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பெரியவள் 14 கிலோ. "தூக்கு" என்று கை நீட்டும்போது "முடியாது" என்று சொல்லாமல், உட்கார்ந்துகொண்டு "நீ ஏறி வா" என்று சொல்லுங்கள். கட்டிலுக்குக் கீழே ஒரு முக்காலி போட்டு வைத்தோம். அவளே ஏறிப் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்வாள்.

படி 5: கை கழுவல், தூளி

வெளியிலிருந்து வந்ததும் கை, கால் கழுவி உடை மாற்றிய பிறகுதான் தம்பியிடம் போக வேண்டும். காலைத் தொடலாம், முகம் வேண்டாம். சளி இருந்தால் தள்ளி நின்று பாடலாம். தூளி எங்கள் வீட்டில் வழக்கம். ஆனால் ஒரு மதியம் பெரியவள் காலித் தூளியில் ஏறிக் கவிழ்ந்தாள். சின்னவன் அப்போது என் மடியில் இருந்தான். அன்றே அவிழ்த்துவிட்டேன், ஆயாவுக்கு வருத்தம்தான். மூத்த பிள்ளை சின்னதாக இருக்கும் வீட்டில் தூளி வேண்டாம், இரண்டு பேரையும் தனியாக ஒரு அறையில் விடவும் வேண்டாம்.

படி 6: மே மாதம்

பால்வாடிக்குக் கோடை விடுமுறை வரும், வேலூர் வெயிலோ 40 டிகிரியைத் தாண்டும். என் கணவர் தினமும் ஆறரைக்கெல்லாம் அவளைக் கோட்டைக்கு அழைத்துப் போய் எட்டு மணிக்குள் திரும்பிவிடுவார். அந்த ஒன்றரை மணி நேரம் அப்பாவும் மகளும் மட்டும்.

பிறகு சேர்த்தது: மாமியார், அம்மா யாரும் வர முடியாதவர்கள் என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். பகலுக்கு ஆள் தேடாதீர்கள், அதைப் பால்வாடி பார்த்துக்கொள்ளும். மாலை நான்கு முதல் ஏழு வரைதான் கடினம். அதற்கு மட்டும் தெரிந்த ஒருவரைச் சம்பளத்துக்குக் கேளுங்கள். சேர்த்த முதல் வாரம் பால்வாடியில் கூட உட்காரும் வேலையை அப்பா எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொருவர் அப்பாவின் லீவு பற்றிக் கேட்டார். தனியார் வேலையில் அதற்குச் சட்டம் இல்லை, சொந்த லீவைத்தான் எடுக்க வேண்டும். முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டாம். அப்போது வீடு நிறைய உறவினர்கள் இருப்பார்கள். நான்காவது வாரத்தில் எல்லோரும் ஊருக்குப் போன பிறகு பாதி நாட்கள் கையில் இருக்கட்டும்.