பைக்கின் பின் பிரேக் ஷூவை வீட்டிலேயே மாற்றும் முறை: செம்மண் ஊர்க்காரர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் வட்டாரத்தில் ஓடும் 100 சிசி பைக்குகளின் பின் பிரேக் பெரும்பாலும் இரண்டு காரணங்களால் கெடுகிறது. செம்மண் புழுதி சக்கரத்தின் நடுவில் உள்ள டிரம்முக்குள் புகுந்து, பிரேக் ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங்கை அரிப்பது ஒன்று. சொந்தக்காரர் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, முன்னோருக்கான படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே எடுக்கப்படும் வண்டி மாதக்கணக்கில் நின்று, ஷூக்களை விரித்து டிரம்மோடு அழுத்தும் பிரேக் கேம் துருப்பிடித்து இறுகிவிடுவது மற்றொன்று. இறுகிய கேமை அப்படியே விட்டுவிட்டு ஷூவை மட்டும் மாற்றினால், மிதித்த பெடல் முழுதாகத் திரும்பாமல் ஷூ டிரம்மோடு உரசிக்கொண்டே ஓடி, புது லைனிங்கும் சீக்கிரமே கருகிவிடும். ஆகவே கீழே சொல்லும் வேலைகளில் கேமைச் சுத்தம் செய்வதே முதன்மையானது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் டிரம் பிரேக், வெளியே தெரியும் பிரேக் ராடு, செயின் ஆகியவை உள்ள பைக்குகளுக்கே இந்த முறை பொருந்தும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்பனையான 125 சிசிக்கு உட்பட்ட பெரும்பாலான வண்டிகளில், பெடலை மிதித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் கோம்பி பிரேக் உண்டு. அவற்றின் இணைப்புக் கேபிளைக் கழற்றவோ திருகவோ வேண்டாம்.

மாற்ற வேண்டுமா என்று பார்த்தல்

பிரேக் ராடு இணையும் பிரேக் ஆர்மின் அடியில் சிறிய அம்புக்குறி ஒன்று இருக்கும். பெடலை முழுதாக மிதிக்கும்போது அந்த அம்பு, டிரம்மை மூடியிருக்கும் பிரேக் பிளேட்டில் உள்ள குறிக்கு நேராக வந்துவிட்டால் ஷூ தேய்ந்துவிட்டது என்று பொருள். கழற்றிய பிறகு, லைனிங்கின் தடிமன் 2 மி.மீ. அளவுக்கு வந்திருந்தாலும் மாற்றிவிட வேண்டியதுதான்.

கழற்றுதல்

வண்டியை நிறுத்தும் இடத்தில் கவனம் தேவை. ஆத்தங்குடி கல் பதித்த தளத்தில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். அது சிமெண்டுக் கல் என்பதால் கிரீஸும் எண்ணெயும் ஊறிக் கறையாகிவிடும், சென்டர் ஸ்டாண்டின் கால் கீறியும் விடும். கருங்கல் பாவிய முற்றமோ சமமான சிமெண்டுத் தரையோ போதும். சைலன்சர் ஆறிய பிறகு சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரத்தின் இருபுறமும் கட்டை வையுங்கள்.

பிரேக் ராடின் நுனியில் உள்ள அட்ஜஸ்டர் நட்டைக் கழற்றி, ராடை ஆர்மிலிருந்து உருவுங்கள். ஆர்மில் உள்ள சிறிய உருளைப் பின்னையும் ஸ்பிரிங்கையும் உடனே ராடிலேயே கோத்து, நட்டைத் திருகி வைத்துவிடுங்கள். முற்றத்தில் உருண்டு தொலைவது எப்போதும் இந்தப் பின்தான். அடுத்து, பிரேக் பிளேட்டைப் பிடித்திருக்கும் ஸ்டாப்பர் ஆர்மில், நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னையும் நட்டையும் எடுங்கள். பின்னர் ஆக்சில் நட்டைத் தளர்த்தி, ஆக்சிலை உருவினால் சக்கரம் வெளியே வரும். செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டைத் தனி ஸ்லீவ் நட் தாங்கும் வண்டியாக இருந்தால் அதைத் தொடாதீர்கள். செயினோடு ஸ்ப்ராக்கெட் இருந்த இடத்திலேயே நிற்கும். வாஷர், காலர் ஆகியவற்றைக் கழன்ற வரிசையிலேயே ஒரு துணியில் அடுக்கி வையுங்கள்.

பிளேட்டைத் தூக்கியதும் உள்ளே கறுப்பும் சிவப்புமாகப் புழுதி அப்பியிருக்கும். அதை வாயால் ஊதவோ காற்றடித்துக் கலைக்கவோ கூடாது. சில லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால், முகக்கவசம் அணிந்து ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே நல்லது.

கேமும் டிரம்மும்

இரண்டு ஷூக்களையும் விரித்த புத்தகத்தை மூடுவதுபோல மேல்நோக்கி மடக்கினால் ஸ்பிரிங்கோடு கழன்றுவிடும். இப்போது ஆர்மைக் கையால் ஆட்டிப் பாருங்கள். விரல் பலத்துக்கே வழுக்கிக்கொண்டு திரும்ப வேண்டும். நறநறவென்று முரண்டு பிடித்தால் கேமை வெளியே எடுத்தாக வேண்டும். ஆர்மிலும் கேமின் முனையிலும் புள்ளிக்குறி இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் நீங்களே ஒரு கோடு கீறிக்கொண்டு ஆர்மைக் கழற்றுங்கள். கேமின் தண்டையும், அது நுழையும் துளையையும் நுண்ணிய உப்புத்தாளால் துரு போகத் தேய்த்து, துணியால் துடைத்து, தண்டிலும் ஷூ ஊன்றி நிற்கும் பின்னிலும் கேமின் முகத்திலும் மெல்லிய பூச்சாகக் கிரீஸ் இடுங்கள். தாராளமாகத் தடவினால், பிரேக் சூடேறும்போது கிரீஸ் உருகி லைனிங்கில் வழியும். அந்த ஷூவைத் தூக்கி எறிவதைத் தவிர வேறு வழியில்லை.

டிரம்மின் உட்புறத்தில் அதிகபட்ச விட்டம் பொறிக்கப்பட்டிருக்கும், 110 மி.மீ. டிரம்முக்கு அது வழக்கமாக 111, 130 மி.மீ. டிரம்முக்கு 131. அதைத் தாண்டியிருந்தாலோ ஆழமான பள்ளம் விழுந்திருந்தாலோ புது ஷூ பயன் தராது. பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். வெறும் பளபளப்பு மட்டும் ஏறியிருந்தால் உப்புத்தாள் போட்டாலே போதும்.

பூட்டுதல்

கையைக் கழுவிய பிறகே புது ஷூவைத் தொடுங்கள். ஸ்பிரிங்குகளை மாட்டி, மடக்கிய நிலையிலேயே கேமிலும் பின்னிலும் பொருத்தி, இருபுறமும் அழுத்தினால் படிந்துவிடும். சக்கரத்தை ஏற்றி, ஆக்சிலை நுழைத்து, ஸ்டாப்பர் ஆர்மை மாட்டிப் புதிய காட்டர் பின் போடுங்கள். ராடை ஆர்மில் இணைத்து, ஆக்சில் நட்டை இறுக்குவதற்கு முன் ஒருவர் பெடலை அழுத்தி மிதித்துக்கொண்டிருக்க, மற்றவர் நட்டை இறுக்க வேண்டும். அப்போதுதான் ஷூ டிரம்மின் நடுவில் சரியாக அமரும். செயின் அட்ஜஸ்டர் குறிகள் இருபுறமும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெடலில் 20 முதல் 30 மி.மீ. வரை பிளே (பிரேக் பிடிக்கத் தொடங்கும்வரை பெடல் இறங்கும் தூரம்) இருக்குமாறு அட்ஜஸ்டர் நட்டைத் திருகுங்கள். நட்டின் வளைந்த பள்ளம் உருளைப் பின்னின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். சக்கரம் தடையின்றிச் சுற்றுகிறதா, பெடலை மிதித்ததும் பின் விளக்கு எரிகிறதா என்று சரிபாருங்கள்.

பின் ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்திருந்தால், சக்கரத்தை மீண்டும் ஏற்றுவதற்கு முன், அது வெளியே இருக்கும் நேரத்திலேயே அதையும் மாற்றிவிடலாம். பின் சக்கரத்தைத் தாங்கும் சுவிங் ஆர்ம் எடை குறைந்து, ஒரு கையால் தூக்கியே போல்ட் துளையை நேராக்க முடியும். இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், ஆனால் ஒன்றைப் பூட்டிய பிறகே மற்றதைக் கழற்ற வேண்டும். ஸ்பிரிங் அட்ஜஸ்டரை இருபுறமும் ஒரே படியில் வையுங்கள்.

எடுத்த எடுப்பில் குன்றக்குடி சாலைக்குப் போக வேண்டாம். புது லைனிங் டிரம்மோடு படியும்வரை பிடிப்பு குறைவாகவே இருக்கும். நம் ஊர்த் தெருக்கள் நேராகவும் அகலமாகவும் இருப்பதால், ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் மெதுவாக ஓட்டி, இதமாகப் பலமுறை பிரேக் பிடித்துப் பாருங்கள். டிரம்மைத் தொட்டால் கை சுடுமளவுக்குச் சூடேறியிருந்தால் பிளே போதவில்லை என்று பொருள். அட்ஜஸ்டரை அரைச் சுற்றுத் தளர்த்தி மீண்டும் ஓட்டிப் பாருங்கள்.