கோமதேஸ்வரர் கதையை மலையிலேயே படிப்பது எப்படி?

கர்நாடகத்தின் சமணத் தலமான சரவணபெளகொளாவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் நேரே பெரிய மலையில் ஏறுவார்கள், பாகுபலி என்கிற கோமதேஸ்வரர் சிலைமுன் படம் எடுப்பார்கள், இறங்கி பேலூருக்குக் கிளம்பிவிடுவார்கள். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களை அங்கே கூட்டிப்போவது எங்கள் வீட்டில் என் பொறுப்பு. நான் அவர்களை முதலில் எதிரே இருக்கும் சின்ன மலை சந்திரகிரிக்குத்தான் ஏற்றுவேன். முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

காரணம், கதை அங்கேதான் தொடங்குகிறது. பத்ரபாகு முனிவரும் சந்திரகுப்த மௌரியரும் இங்கே வந்து தங்கினார்கள் என்பது சமண மரபு. வடக்கிருந்து, அதாவது உண்ணா நோன்பிருந்து, உயிர்விட்ட துறவிகளைப் பற்றிப் பாறையில் பொறித்த கல்வெட்டுகளோ கி.பி. 600 வாக்கிலிருந்தே கிடைக்கின்றன. அதே மலையில் சாமுண்டராயர் பெயரில் ஒரு பஸதி, அதாவது சமணக் கோயில், இருக்கிறது. கங்க மன்னன் ராசமல்லனின் அமைச்சர், படைத்தலைவர். சிலையைச் செய்வித்தவர் இவர்தான். இங்கிருந்து அவர் எய்த அம்பு எதிர்மலையில் பட, அங்கே பாகுபலி உருவம் தெரிந்தது என்பார்கள்.

அப்புறம் பெரிய மலை, விந்தியகிரி. 600க்கு மேல் படிகள், பாறையிலேயே வெட்டியவை. செருப்புக்கு அனுமதி இல்லை. காலையிலேயே ஏறிவிடுங்கள், வெயில் ஏறினால் பாறை சுடும். காலுறை போட்டுக்கொள்ளலாம். முட்டிவலிக்காரர்களுக்கு டோலி உண்டு.

வழியில் தியாகத பிரம்மதேவர் தூணில் கட்டாயம் நில்லுங்கள். அதில் சாமுண்டராயர் தன் வரலாற்றை எழுதி வைத்திருந்தார். பின்னாளில் ஹெக்கடே கண்ணன் என்பவர் அதில் பெரும்பகுதியைச் செதுக்கி எடுத்துவிட்டு, தன் சங்கதியைச் சில வரிகளில் பொறித்துக்கொண்டார். எனக்கு இன்னும் அந்த ஆளின்மேல் கோபம்தான்.

ஒற்றைப் பாறையில் குடைந்த அகண்ட பாகிலு வாசலைத் தாண்டி மேலே போனால் சிலை. 57 அடி. இவ்வளவு பெரிய கல்லை எப்படி மேலே ஏற்றினார்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். ஏற்றவே இல்லை, மலையுச்சியில் இருந்த பாறையையே செதுக்கிவிட்டார்கள். காலம் 981 வாக்கு. தொடைக்கு மேலே எந்தத் தாங்கலும் இல்லாமல் வடக்கு நோக்கி நிற்கிறார். அண்ணன் பரதனை வென்ற பிறகு நாட்டை விட்டு அசையாமல் தவத்தில் நின்றவர் அல்லவா, அதனால்தான் காலருகே புற்று, பாம்பு, தொடையிலும் கையிலும் சுற்றிய மாதவிக் கொடி.

முகத்தைப் பார்த்து முடித்ததும் குனிந்து காலடியைப் பாருங்கள். கன்னடம், தமிழ், மராத்தி மூன்றிலும் சாமுண்டராயர் செய்வித்தார் என்று பொறித்திருக்கிறது. தமிழ் வரி கிரந்தமும் வட்டெழுத்துமாக இருக்கும்: ‘ஸ்ரீ சாமுண்டராஜன் செய்வித்தான்’. நம் ஆட்கள் பத்தில் ஒன்பது பேர் இதைப் பார்க்காமலே இறங்குகிறார்கள். சுற்றியுள்ள திருச்சுற்று 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஹொய்சள விஷ்ணுவர்த்தனனின் தளபதி கங்கராஜன் கட்டியது. அதையும் காலடியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

வெளியே வரும்போது, சிலைக்கு எதிரே கையில் காயுடன் ஒரு சின்னப் பெண் உருவம் நிற்கும். குள்ளகாயஜ்ஜி. சாமுண்டராயர் குடம் குடமாக ஊற்றிய பால் இடுப்புக்குக் கீழே இறங்கவில்லை. இந்தக் கிழவி ஒரு காய்க்கூட்டில் கொண்டுவந்த பால்தான் பாதம்வரை நனைத்து மலையிலும் வழிந்தது என்பது கதை.

சிலையின் தலையிலிருந்து ஊற்றிச் செய்யும் மகாமஸ்தகாபிஷேகம் சுமார் 12 ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும். சிலைக்கு ஆயிரம் ஆண்டு என்று 1981இல் பெரிதாக நடத்தினார்கள். கடைசியாக நடந்தது 2018இல். அபிஷேகம் பார்க்கவேண்டும் என்றால் அந்த ஆண்டில் போங்கள். கல்வெட்டு படிக்கவேண்டும் என்றால் அந்தக் கூட்டத்தில் நடக்காது, வேறு ஆண்டில் ஒரு வார நாளாகப் பார்த்துப் போங்கள்.