கணினியை வைஃபை ஆக்சஸ் பாயிண்ட்டாக மாற்றும்போது சறுக்கும் இடங்கள்

நெட்வொர்க்கின் பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டை ஏற்றுக்கொள்கிறது, போனில் வைஃபை குறியும் வந்துவிடுகிறது. ஆனால் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. கணினியை ஆக்சஸ் பாயிண்ட்டாக, அதாவது மற்ற கருவிகளுக்கு வைஃபை கொடுக்கும் கருவியாக, மாற்றிப் பார்த்தவர்கள் ஒருமுறையாவது இந்த இடத்தில் முழித்துக்கொண்டு நின்றிருப்பார்கள். உடனே பாஸ்வேர்டை மாற்றுவார்கள், பெயரை மாற்றுவார்கள், அதுவும் பலிக்காவிட்டால் டிரைவரைக் கழற்றி மறுபடி போடுவார்கள். பழுது ஓரிடம், கை வைப்பது வேறிடம்.

ஆக்சஸ் பாயிண்ட் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே நடப்பது நான்கு வேலை. வைஃபை சிக்னலைப் பரப்ப வேண்டும், வந்து சேரும் கருவிக்கு ஐபி முகவரி தர வேண்டும், அது அனுப்பும் பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) இணையப் பக்கம் கடத்திவிட வேண்டும், தளத்தின் பெயரைக் கேட்டால் முகவரியைச் சொல்ல வேண்டும் (இதுதான் டிஎன்எஸ்). விண்டோஸின் மொபைல் ஹாட்ஸ்பாட் இவை எல்லாவற்றையும் ஒரே பொத்தானுக்குள் வைத்துவிடுகிறது. அதிகபட்சம் 8 கருவிகள், அவ்வளவுதான். லினக்ஸில் முதல் வேலை ஹோஸ்ட்ஏபிடி என்ற நிரலுடையது, முகவரியும் பெயரும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற நிரலின் பொறுப்பு, கடத்துவது இயங்குதளத்தின் மையமான கர்னல். எந்த வேலை நின்றது என்று பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

முதல் தவறு, வைஃபை கார்டைக் கேட்காமலே தொடங்குவது. வைஃபையோடு இணையத் தெரிந்த கார்டு எல்லாம் வைஃபை கொடுக்கத் தெரிந்த கார்டு அல்ல. லினக்ஸில் ஐடபிள்யூ கட்டளையின் லிஸ்ட் (iw list) வெளியீட்டில், கார்டு ஏற்கும் முறைகளின் பட்டியலில் ‘ஏபி’ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எந்த செட்டிங்கும் உதவாது, வேறு யுஎஸ்பி அடாப்டர்தான் வழி. ஏபி இருந்தாலும் அதே வெளியீட்டின் பின்பகுதியில், ஒரே நேரத்தில் எத்தனை சேனலில் (அலைவரிசைப் பிரிவில்) இயங்க முடியும் என்று ஒரு வரி இருக்கும். பல கார்டுகளில் அது 1. அதாவது கார்டு 6-ஆம் சேனலில் ரவுட்டரோடு பேசிக்கொண்டிருக்கும்போது, நீங்கள் 11-ஆம் சேனலில் ஆக்சஸ் பாயிண்ட் தொடங்கச் சொன்னால் நடக்காது. இரண்டையும் 6-லேயே வைத்தால் ஓடும், ஆனால் ஒரே ரேடியோ வாங்கவும் வேண்டும் கொடுக்கவும் வேண்டும் என்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். இணையம் கேபிளில் வரட்டும், வைஃபை கொடுக்க மட்டும் இருக்கட்டும். என்னைக் கேட்டால் இது ஒன்றே பாதித் தலைவலியைக் குறைக்கும்.

5 கிகாஹெர்ட்ஸில் இன்னொரு சிக்கல். நாட்டின் குறியீட்டை அமைக்காவிட்டால், கணினி எல்லா நாட்டுக்கும் பொருந்தும் மிகக் கறாரான விதியைப் பிடித்துக்கொள்ளும். அதில் பெரும்பாலான 5 கிகாஹெர்ட்ஸ் சேனல்களில் தானாக முதல் சிக்னலை அனுப்ப அனுமதி கிடையாது. 52 முதல் 144 வரையுள்ள சேனல்கள் பல நாடுகளில் ராடாரோடு பகிரப்படுபவை. அங்கே தொடங்குவதற்கு முன் குறைந்தது 60 விநாடி காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பது விதி. திரையில் எதுவும் அசையவில்லையே என்று 20-ஆவது விநாடியில் நிறுத்திவிட்டு, ஓடவில்லை என்று முடிவு கட்டுபவர்கள் நிறைய. நாட்டின் குறியீட்டை அமைத்துவிட்டு, முதல் முயற்சிக்கு 36-ஆம் சேனலை வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால் 1, 6, 11 இவற்றில் ஒன்று. நடுவில் 3, 4 என்று வைத்தால் இரண்டு பக்கத்து இரைச்சலும் உங்கள் தலையில்.

அடுத்தது முகவரி. இதில் நானே வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஓர் அலுவலகத்தில் சோதனைக்காக லேப்டாப்பை ஆக்சஸ் பாயிண்ட்டாக்கினேன். எங்கிருந்தோ எடுத்த மாதிரிக் கோப்பில் 192.168.1 என்று தொடங்கும் முகவரி வரிசை இருந்தது, அப்படியே விட்டுவிட்டேன். அந்த அலுவலகத்தின் நெட்வொர்க்கும் அதே 192.168.1. போதாக்குறைக்கு, டிஎன்எஸ்மாஸ்க் வைஃபை பக்கம் மட்டும் பேச வேண்டும் என்ற வரியை எழுத மறந்தேன். அது என்ன செய்தது? கேபிள் பக்கம் இருந்த மற்றவர்களின் கணினிகளுக்கும் முகவரி வழங்கத் தொடங்கியது, கேட்வே, அதாவது இணையத்துக்குப் போகும் வாசல், என்று என் லேப்டாப்பையே காட்டியது. நான் உட்கார்ந்திருந்தவரை யாருக்கும் தெரியவில்லை. மாலையில் லேப்டாப்பை மூடிக்கொண்டு கிளம்பினேன், பின்னாலேயே போன் வந்தது: “நெட் போயிடுச்சு, உங்களுக்கு ஏதாவது தெரியுமா?” தெரியாமல் என்ன!

ஆகவே நீங்கள் கொடுக்கும் வைஃபையான உள்பக்கத்துக்கு, இணையம் வரும் வெளிப்பக்கத்தோடு மோதாத வரிசை வேண்டும். லினக்ஸில் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் தானாகப் பகிரும்போது 10.42.0 என்றும், விண்டோஸ் 192.168.137 என்றும் எடுத்துக்கொள்வது இதற்காகத்தான். கையால் எழுதுபவர்களும் அதுபோல ஒதுக்குப்புறமான ஒன்றை எடுங்கள். முகவரி கொடுக்கும் நிரலை வைஃபை இடைமுகத்தோடு கட்டிப்போடுங்கள்.

“இதெல்லாம் எதற்கு, இரண்டு பக்கத்தையும் ஒரே நெட்வொர்க்காக இணைத்து பிரிட்ஜ் செய்துவிட்டால் போதுமே” என்று தோன்றலாம். கேபிளில் இணையம் வந்தால் சரி, நன்றாகவே ஓடும். இணையமும் வைஃபையில்தான் வருகிறது என்றால் ஓடாது: தன்னிடம் பதிவு செய்யாத மேக் முகவரியிலிருந்து (ஒவ்வொரு கார்டுக்கும் உள்ள தனி எண்) வரும் பாக்கெட்டை எதிர்முனை ரவுட்டர் வழக்கமாக ஏற்பதில்லை. அங்கே நாட் தான், அதாவது எல்லாக் கருவிகளின் பாக்கெட்டுகளையும் உங்கள் கணினியின் முகவரியிலேயே வெளியே அனுப்பும் முறைதான், போட வேண்டும்.

சரி, இனி அந்தப் பழைய புதிருக்கு வருவோம்: இணைந்துவிட்டது, இணையம் இல்லை. இணைந்த கருவி ஒன்றில் உட்கார்ந்து வரிசையாகப் பாருங்கள். அதன் முகவரி 169.254 என்று தொடங்கினால் அதற்கு யாரும் முகவரி தரவில்லை என்று பொருள். டிஎன்எஸ்மாஸ்க் பக்கம் போங்கள். முகவரி சரியாக இருந்தால் 10.42.0.1 போன்ற உங்கள் கணினியின் முகவரியை பிங் செய்யுங்கள், அதாவது அந்தக் கட்டளையால் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று பாருங்கள். பதில் வந்தால் அடுத்து, இணையத்தில் உள்ள கூகுளின் டிஎன்எஸ் முகவரியான 8.8.8.8. அங்கே நின்றால் கடத்தும் வேலையில் ஓட்டை. கர்னலில் ஐபி ஃபார்வர்டிங்கை 1 ஆக்கினீர்களா, நாட் விதி எழுதினீர்களா என்று பாருங்கள். தற்காலிகமாக 1 ஆக்கினால் மறுதொடக்கத்தில் 0-க்குத் திரும்பிவிடும். நேற்று ஓடியது இன்று ஓடாததற்கு அநேகமாக இதுவே காரணம். இரண்டுமே சரி, இன்னும் போகவில்லையா? நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கர் நிறுவியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அது ஃபயர்வாலில் கடத்தலுக்கான விதிச் சங்கிலியை ‘டிராப்’ (எறிந்துவிடு) என்று மாற்றி வைத்துவிடும், உங்கள் வைஃபையும் அதில் சேர்ந்து அடைபடும்.

8.8.8.8 பதில் தருகிறது, தளப் பெயர் மட்டும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் கோளாறு. உபுண்டு போன்றவற்றில் சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்ற பெயர் தேடும் நிரல், டிஎன்எஸ்ஸுக்கான 53-ஆம் போர்ட்டில் முன்பே துண்டு போட்டு இடம் பிடித்திருக்கும். எல்லா முகவரியிலும் அதே போர்ட்டைக் கேட்டு வரும் டிஎன்எஸ்மாஸ்க் தொடங்காமலே விழுந்துவிடும். நிரலின் பதிவேடான லாகில் அது தெளிவாகவே எழுதியிருக்கும், நாம்தான் பார்ப்பதில்லை.

பாதுகாப்பில் சொல்ல அதிகம் இல்லை. குறியாக்கம் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3. பாஸ்வேர்டு 8 முதல் 63 எழுத்து வரை. பழைய கருவிக்காக டிகேஐபி என்ற பழைய குறியாக்க முறையை மட்டும் வைத்தால் பாதுகாப்பும் போகும், வேகமும் 54 மெகாபிட்டைத் தாண்டாது.

அப்புறம் தூக்கம். லேப்டாப் மூடியைச் சாத்தினால் உறங்கப் போகும், கூடவே எல்லோருடைய வைஃபையும். விண்டோஸ் ஹாட்ஸ்பாட்டில் யாரும் இணையாதபோது தானே அணைந்துகொள்ளும் மின்சேமிப்பு வசதி ஒன்றும் உண்டு. மூடியின் செட்டிங்கையும் அதையும் முதல் நாளே மாற்றிவிடுங்கள்.