எந்தப் பொசிஷன்? அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துக்குப் போகும் மாணவர்கள் செய்யும் தவறுகள்

இங்கே பேசப்போவது ஹெல்மெட்டும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, கூர்முனைப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி. களத்தில் ஓர் அணிக்கு 11 பேர். ஆனால் பந்து தன் வசம் இருக்கும்போது இறங்கும் 11 பேர் வேறு, எதிரணியைத் தடுக்க இறங்கும் 11 பேர் வேறு. பந்தை எறிபவரைக் காக்க முன்வரிசையில் நிற்கும் 300 பவுண்ட் ஆஃபென்சிவ் டேக்கிளும், எதிரணியில் பந்தைப் பிடிப்பவரைத் துரத்தும் 185 பவுண்ட் கார்னர்பேக்கும் ஒரே விளையாட்டை ஆடுகிறார்கள் என்று சொன்னால் புதிதாகப் பார்ப்பவருக்கு நம்பவே முடியாது. உடல் வேறு, பயிற்சி வேறு, கோச்சும் வேறு. அதனால் ஸ்காலர்ஷிப்புடன் கல்லூரிக்குப் போக நினைக்கும் பையனுக்கு, எந்தக் கல்லூரி என்பதைவிட எந்தப் பொசிஷன் என்பதுதான் பெரிய கேள்வி. அதில்தான் குடும்பங்கள் அதிகம் சறுக்குகின்றன.

முதல் தவறு, பள்ளியில் ஆடிய இடமே தன் இடம் என்று முடிவு கட்டிவிடுவது. பள்ளிக் கோச் ஒருவர் எப்படி யோசிப்பார் என்று பாருங்கள். தன்னிடம் இருப்பதிலேயே வேகமானவன், சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொள்பவன் யாரோ அவன் கையில்தான் பந்தைக் கொடுப்பார். ஆட்டம் நின்று மறுபடி தொடங்கும் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் பந்து, அதை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்கின் கைக்குத்தான் போகும். ஆக ஒவ்வொரு ஊரிலும் சிறந்த பையன் குவாட்டர்பேக் ஆகிவிடுகிறான். இத்தனை ஊர்ப் பையன்களிலிருந்து ஒரு கல்லூரி வருடத்துக்கு ஒருவரையோ இருவரையோ அந்த இடத்துக்கு எடுக்கும். களத்தில் ஒருவருக்குத்தான் இடம். பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களை மாற்றி மாற்றி இறக்குவார்கள், ஓடும் வீரர்களையும் அப்படியே. குவாட்டர்பேக்கை மாற்றுவது பெரும்பாலும் காயம் பட்டால், இல்லை தோற்றுக்கொண்டே இருந்தால்.

லேன் ஜான்சன் கதை இதற்குச் சரியான உதாரணம். டெக்சாஸில் பள்ளியில் குவாட்டர்பேக். பெரிய கல்லூரி கிடைக்காமல் கில்கோர் என்ற இரண்டாண்டுக் கல்லூரிக்குப் போனார், அங்கேயும் குவாட்டர்பேக். அப்புறம் ஓக்லஹோமா பல்கலைக்கழகம். அங்கே டைட் எண்ட் (எதிரணியைத் தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவர்), பிறகு டிஃபென்சிவ் எண்ட் (எதிரணி குவாட்டர்பேக்கைப் பாய்ந்து பிடிப்பவர்), கடைசியில் ஆஃபென்சிவ் டேக்கிள். 2013-ல், தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், நான்காவது ஆளாக ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அவரை எடுத்தது. பந்தை எறிய வந்தவர், எறிபவரைக் காக்கும் வேலையில் நாட்டின் முன்னணி வீரர்களில் ஒருவரானார். டிராவிஸ் கெல்சியும் சின்சினாட்டி பல்கலைக்கழகத்துக்குப் போனது குவாட்டர்பேக்காகத்தான். பெயர் வாங்கியது டைட் எண்ட் இடத்தில். ஜூலியன் எடல்மன் கென்ட் ஸ்டேட்டில் குவாட்டர்பேக். 2009-ல் டிராஃப்டின் ஏழாவது சுற்றில் நியூ இங்கிலாந்து அணி அவரை எடுத்து ரிசீவராக மாற்றியது. பத்து வருடம் கழித்து 2019-ல் என்எஃப்எல் இறுதிப்போட்டியான சூப்பர் பௌல் ஆட்டத்தின் சிறந்த வீரர் விருது அவர் கைக்கு வந்தது.

இந்தக் கதைகளை மட்டும் படித்துவிட்டு, "கோச் சொன்னால் மாறிவிட வேண்டியதுதான்" என்று எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. என்னைக் கேட்டால் முதல் தவறைவிட இதுதான் ஆபத்தானது, ஏனென்றால் பார்ப்பதற்குப் பணிவு போலவும் பக்குவம் போலவும் தெரியும்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. பல பத்தாண்டுகளாக, பள்ளியில் குவாட்டர்பேக்காக இருந்த கறுப்பின மாணவர்களிடம் கல்லூரிகள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "நீ நல்லா ஓடுறே, ரிசீவரா வா, சேஃப்டியா வா." (சேஃப்டி என்பவர் தடுப்பாட்டத்தின் கடைசி வரிசை வீரர்.) கறுப்பினத்தவரால் தலைமை தாங்க முடியாது, ஆட்டத்தைப் படிக்கத் தெரியாது என்ற எண்ணம் அந்தப் பேச்சுக்கு அடியில் இருந்தது. மார்லின் பிரிஸ்கோ 1968-ல் டென்வர் அணிக்குக் குவாட்டர்பேக்காக இறங்கி, முதல் வருடத்திலேயே 14 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்து எடுக்கும் ஸ்கோர்) எறிந்தார். அடுத்த வருடம் அந்த இடத்துக்குப் போட்டியிடக்கூட வாய்ப்பில்லை. பஃபலோவுக்குப் போய் ரிசீவர் ஆனார். வாரன் மூன் மாற மறுத்தார். பள்ளி முடித்ததும் பெரிய கல்லூரிகள் வேறு இடத்தில் ஆடச் சொன்னதால் இரண்டாண்டுக் கல்லூரிக்குப் போய், அங்கிருந்து வாஷிங்டன் பல்கலைக்கழகம் போனார். 1978 ஜனவரியில் கல்லூரி அணிகளுக்கான புகழ்பெற்ற ரோஸ் பௌல் ஆட்டத்தில் மிச்சிகனை வென்று சிறந்த வீரர் ஆனார். அப்படியும் அந்த வருட டிராஃப்டில் அவரை யாரும் எடுக்கவில்லை. கனடாவுக்குப் போய் எட்மன்டன் அணிக்கு வரிசையாக ஐந்து முறை கனடா லீகின் கோப்பையான கிரே கப் வாங்கிக் கொடுத்த பிறகுதான் என்எஃப்எல் கதவு திறந்தது. 2006-ல், மிகச் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார்.

அதெல்லாம் பழைய காலம் என்று சொல்லவும் முடியாது. ஃபுளோரிடாவில் லாமர் ஜாக்சனுக்கு ஆஃபர் கொடுக்க வந்த சில கல்லூரிகள் அவரை வேறு இடத்தில் ஆட வைக்கப் பார்த்தன. குவாட்டர்பேக்காக மட்டும்தான் ஆட வைப்பேன் என்று லூயிவில் கோச் பாபி பெட்ரினோ லாமரின் அம்மாவிடம் வாக்குக் கொடுத்த பிறகே அவர் அங்கே சேர்ந்தார். 2016-ல் கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை. அதற்குப் பிறகும், 2018 டிராஃப்ட் நேரத்தில் என்எஃப்எல் அணிகளை நிர்வகித்த பில் போலியன் போன்ற அனுபவசாலியே அவர் ரிசீவராக மாற வேண்டும் என்றார். பால்டிமோர் அணி முதல் சுற்றின் கடைசி ஆளாக, 32-வதாக எடுத்தது. அடுத்த வருடமே ஒரு வாக்குகூடச் சிதறாமல் லீகின் மிகச் சிறந்த வீரர் விருது, 2023-ல் இன்னொரு முறை. தான் சொன்னது தப்பு என்று போலியன் பின்னர் ஒத்துக்கொண்டார்.

சரி, லேன் ஜான்சன் மாறியது நல்லது, லாமர் மாறாதது நல்லது. தன் பையன் இதில் எந்த வகை என்று ஒரு குடும்பம் எப்படித் தெரிந்துகொள்வது? மாற்றச் சொல்பவரிடம் காரணம் கேட்க வேண்டும், கேட்பதற்குக் கூச்சமே படக்கூடாது. "நீ நல்ல அத்லெட், உன்னை எங்கே வேண்டுமானாலும் போடலாம்" என்பது காரணமே இல்லை. "பந்தை விடுவிக்க உனக்கு நேரம் ஆகிறது, மூன்றாவது ஆட்டத்தில் இந்த நான்கு எறிதல்களைப் பார்" என்று வீடியோவை நிறுத்திக் காட்டினால் அது காரணம். ஒரே கல்லூரி சொன்னால் அது அந்தக் கல்லூரியின் தேவையாக இருக்கலாம், அவர்களிடம் சேஃப்டிக்கு ஆள் இல்லாமல் இருக்கும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து கோச்சுகள் ஒரே குறையைச் சொன்னால் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதுதான். கோடைக்கால கேம்ப்களில் இரண்டு பொசிஷனிலும் பயிற்சி செய்து பார்க்க அனுமதி கேட்கலாம். காலையில் குவாட்டர்பேக் கூட்டத்தோடு, மதியம் கார்னர்பேக் கூட்டத்தோடு. எந்தக் கூட்டத்தில் தன்னை முன்வரிசைக்கு இழுக்கிறார்கள் என்பது பையனுக்கே தெரிந்துவிடும்.

இதில் தாமதமும் ஒரு விலை கேட்கும். லோகன் தாமஸை டைட் எண்ட் இடத்துக்கு நாட்டிலேயே சிறந்தவர்களில் ஒருவர் என்று பள்ளிக் காலத்திலேயே மதிப்பிட்டிருந்தார்கள். வர்ஜீனியா டெக் அவரைக் குவாட்டர்பேக் ஆக்கியது. 2014-ல் குவாட்டர்பேக்காகவே அரிசோனா அணி எடுத்தது, அது நிலைக்கவில்லை. பிறகு டைட் எண்டாக மாறி, பல அணிகள் சுற்றி, 2020-ல் வாஷிங்டன் அணிக்கு 72 பந்துகள் பிடித்தார். பள்ளியிலேயே தெரிந்திருந்த இடத்துக்குத் திரும்பி வர இத்தனை வருடம்.

வாய்ப்பேச்சை எழுத்துபோல நம்புவதும் அடிக்கடி நடக்கிறது. "உன்னை ரிசீவராகத்தான் பார்க்கிறோம்" என்று கோச் வீட்டு ஹாலில் உட்கார்ந்து சொல்லுவார், மனதாரவே சொல்லுவார். ஆனால் கையெழுத்துப் போடும் ஸ்காலர்ஷிப் ஒப்பந்தத்தில் பொசிஷன் என்ற வரி இருக்காது. ஒரு கல்லூரியில் சேருவதை உறுதிசெய்து பல வருடங்களாகப் போட்டுவந்த தேசிய ஒப்புதல் கடிதமும் அதைத் தரவில்லை. 2024 அக்டோபரில் அந்தக் கடிதத்தையே எடுத்துவிட்டார்கள். இப்போது நிதியுதவி ஒப்பந்தம்தான். அதற்கு முன்னால் சொல்லும் "கமிட்" என்பதோ இரண்டு பக்கமும் எப்போது வேண்டுமானாலும் மாறக்கூடிய வாய்மொழி. அந்தக் கோச்சே அடுத்த வருடம் வேறு கல்லூரிக்குப் போகலாம். 2017 முதல் டிசம்பரிலேயே கையெழுத்துப் போடலாம் என்று ஆகிவிட்டது. கோச்சுகளை நீக்குவதும் புதியவர்களை எடுப்பதும் நடப்பது அதே குளிர்காலத்தில்தான். புதிதாக வருபவர் ஆட்டமுறையையே மாற்றினால் சில இடங்கள் காணாமலே போகும். பந்தோடு ஓடுபவருக்கு வழி திறந்துவிடும் ஃபுல்பேக் என்ற இடமே இல்லாத அணிகள் இன்று எத்தனையோ. எனவே கோச்சிடம் கேட்பதோடு நிற்காமல், அவர் போய்விட்டாலும் இந்தக் கல்லூரியில் பையனுக்குப் படிப்பும் ஆட்டமும் ஒத்துவருமா என்று வீட்டில் பேசியாக வேண்டும்.

இதைவிட எளிதாகத் தவிர்க்கக்கூடியது, அணியின் பெயர்ப்பட்டியலை எண்ணிப் பார்க்காமல் போவது. ஒரு மாலை நேரம் போதும். கல்லூரியின் இணையதளத்தில் ரோஸ்டர் பக்கத்தைத் திறந்து, பையனின் பொசிஷனில் இருப்பவர்களை ஒரு தாளில் எழுதுங்கள்: பெயர், உயரம், எடை, எந்த வருடம் படிக்கிறார். நான்கு சீசன் ஆட ஐந்து வருடம் கிடைக்கும். ஒரு வருடம் ஆடாமல் வைத்திருந்தால் அதை ரெட்ஷர்ட் என்பார்கள், 2018 முதல் அந்த வருடத்திலும் நான்கு ஆட்டம் வரை இறங்கலாம். அதனால் "சோஃபமோர்" (இரண்டாம் ஆண்டு) என்று போட்டிருப்பவருக்கு இன்னும் எத்தனை சீசன் மிச்சம் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் அதே பொசிஷனில் கடந்த இரண்டு வருடம் எத்தனை பேரைச் சேர்த்தார்கள், கல்லூரி மாற விரும்புபவர்கள் பெயர் பதிவு செய்யும் ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்க்க வேண்டும். போர்ட்டல் 2018-ல் வந்தது. இப்போது ஒருவர் எத்தனை முறை கல்லூரி மாறினாலும், படிப்புத் தகுதி இருந்தால் உடனே ஆடலாம். ஆகவே பள்ளிப் பையன் போட்டி போடுவது தன் வயதுக்காரர்களோடு மட்டும் இல்லை, 22 வயதுக்காரரோடும்தான். மூன்று வருடமாக, தடுப்பாட்டத்தின் நடுவரிசையில் ஆடும் லைன்பேக்கர்கள் எல்லோரையும் போர்ட்டலிலிருந்து எடுக்கும் கல்லூரி, பள்ளியிலிருந்து வரும் லைன்பேக்கரிடம் எவ்வளவு பொறுமை காட்டும் என்பதை அந்தத் தாளே சொல்லும்.

2025-ல் இன்னொரு மாற்றமும் வந்தது. பெரிய கல்லூரிகளில் 85 ஸ்காலர்ஷிப் என்ற பழைய வரம்பு போய், வீரர்களுக்குப் பணம் கொடுப்பது பற்றிய வழக்கில் வந்த நீதிமன்றத் தீர்வை ஏற்ற கல்லூரிகளுக்கு மொத்த அணிக்கும் 105 பேர் என்ற வரம்பு வந்தது. முன்பு ஸ்காலர்ஷிப் இல்லாமல் சேர்ந்து உழைத்து மேலே வரும் வாக்-ஆன் வீரர்கள் ஏராளம். ஜேசன் கெல்சி சின்சினாட்டியில் அப்படிச் சேர்ந்து, ஓடும் வீரராகத் தொடங்கி, லைன்பேக்கராகி, கடைசியில் குவாட்டர்பேக்குக்குப் பந்தைக் கொடுக்கும் சென்டர் ஆனவர். ஜே. ஜே. வாட் சென்ட்ரல் மிச்சிகனில் டைட் எண்டாக இருந்த ஸ்காலர்ஷிப்பை விட்டுவிட்டு, விஸ்கான்சினில் வாக்-ஆனாகப் போய் டிஃபென்சிவ் எண்ட் ஆனார். பின்னாளில் என்எஃப்எல்லின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை மூன்று முறை வாங்கினார். அந்த வழி இன்று அடைபடவில்லை, ஆனால் குறுகிவிட்டது. "எப்படியாவது உள்ளே போய்விட்டால் அப்புறம் பொசிஷன் பார்த்துக்கொள்ளலாம்" என்ற கணக்கு முன்பு போல ஓடாது.

உடம்பைப் பொசிஷனுக்காக அவசரமாக மாற்றுவது எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம். 16 வயதுப் பையன் முன்வரிசையான லைனில் ஆட வேண்டும் என்று கண்டதையும் தின்று எடை ஏற்றுகிறான். வருவது பெரும்பாலும் கொழுப்பு, கூடவே முழங்கால் வலியும் குறட்டையும். கல்லூரிக் கோச்சுகள் பள்ளிப் பையனிடம் இன்றைய எடையைவிட எலும்புச் சட்டகத்தைத்தான் பார்க்கிறார்கள். கை எவ்வளவு நீளம், இடுப்பு எப்படி வளைகிறது, அப்பாவும் அம்மாவும் எவ்வளவு உயரம் என்று கவனிப்பார்கள். 6 அடி 5 அங்குலம் இருந்து 240 பவுண்டில் கூடைப்பந்தும் ஆடும் பையன் டேக்கிளுக்கு நல்ல விதை. மீதி எடையைக் கல்லூரியின் உணவு நிபுணரும் எடைப் பயிற்சியாளரும் நிதானமாக ஏற்றுவார்கள். உயரத்தைக் கூட்டி எழுதுவதும் வேண்டாம். கேம்ப் வாசலிலேயே அளந்துவிடுவார்கள். இரண்டு அங்குலம் குறைந்தால் மற்ற எதையும் நம்பமாட்டார்கள்.

ஹைலைட் வீடியோவில் எல்லாப் பொசிஷனையும் கலந்துவைப்பதும் வீண். எந்த இடத்துக்குப் பார்க்கச் சொல்கிறீர்களோ அந்த இடத்து ஆட்டம் முதலில் வர வேண்டும், ஒரு முழு ஆட்டத்தின் பதிவும் கூடவே இருக்க வேண்டும். டிராவிஸ் ஹன்டர் கொலராடோவில் ரிசீவராகவும் கார்னர்பேக்காகவும் முழுநேரம் ஆடி 2024-ல் ஹைஸ்மன் வாங்கியதிலிருந்து இரண்டும் ஆடுவேன் என்று சொல்லும் பையன்கள் உண்டு. அவர் தலைமுறைக்கு ஒருவர், அதை வைத்துத் திட்டம் போட முடியாது.

பெரிய பெயருக்காகத் தனக்குப் பொருந்தும் ஆட்டமுறையைக் கைவிடுவதும் நடக்கிறது. கீனன் ரெனால்ட்ஸ் கடற்படை அகாடமிக்குப் போனார். பந்தைக் கையில் வைத்து ஓடும் குவாட்டர்பேக்குக்கு ஏற்ற ஆப்ஷன் ஆட்டம் அங்கே இருந்தது. ஓடியே 88 டச்டவுன் எடுத்து, கல்லூரி ஆட்டத்தின் உயர்மட்டத்தில் சாதனை படைத்தார். 2016-ல் பால்டிமோர் அவரை ரிசீவராக எடுத்தது. என்எஃப்எல்லில் அவர் குவாட்டர்பேக்காக ஆடவில்லை என்பதால் கல்லூரியில் அவர் ஆடிய நான்கு வருடம் வீணாகிவிடுமா என்ன?

கடைசியாக, யார் பேசுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். பள்ளியின் கடைசி இரண்டு வருடங்களில் பெரிய கல்லூரிகளின் கோச்சுகள் பையனுக்கு நேரடியாகச் செய்தி அனுப்பலாம். பெரும்பாலும் முதலில் பேசுவது அந்தந்த வட்டாரத்துக்குப் பொறுப்பான கோச், அவரை வைத்து எதுவும் சொல்ல முடியாது. தலைமைக் கோச் எல்லோரிடமும் இனிமையாகத்தான் பேசுவார். வாரம் தவறாமல் அழைத்து, வீடியோ பார்த்து, "அந்த இரண்டாவது க்வார்ட்டர்ல உன் கால் ஏன் அப்படிப் போச்சு?" என்று கேட்பவர் யார்? குவாட்டர்பேக் கோச்சா, கார்னர்பேக்குகளைப் பார்ப்பவரா? ஒவ்வொரு பொசிஷன்காரர்களும் கூடிப் படிக்கத் தனி அறை உண்டு. வாயால் எந்தப் பொசிஷனைச் சொன்னாலும், நேரம் ஒதுக்கும் கோச் எந்த அறையைச் சேர்ந்தவரோ அந்த அறையில்தான் பையனுக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது அந்த அறையில் அரை மணி நேரம் உட்காரக் கேளுங்கள். அங்கே ஏற்கெனவே ஆடுபவர்களிடம், சேரும்போது எந்தப் பொசிஷன் சொன்னார்கள், இப்போது எதில் ஆடுகிறீர்கள் என்று பையனே கேட்கட்டும்.